பிணவறைக்கு வந்த நீலம்

மருத்துவமனை கட்டுகிறவர்கள் கடைசியாக யோசிக்கும் அறை பிணவறை. அறுவை அரங்குக்கு வெளிச்சம், பிரசவ வார்டுக்குக் காற்று என்று எல்லாவற்றையும் வரைபடத்தில் ஒதுக்கிய பிறகு, மிஞ்சிய மூலையில், பெரும்பாலும் தரைக்குக் கீழே, வண்டி வந்து திரும்ப வசதியான பக்கமாக அது அமையும். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குக் குளிர்ப்பெட்டியும் கழுவும் மேடையும் போதும். ஆனால் அதே வாசலுக்கு இன்னொரு கூட்டமும் வருகிறது. இறந்தவரின் தாய், மனைவி, பிள்ளைகள், கூட வேலை செய்தவர்கள். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க வருகிறவர்கள் இவர்கள். எந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பது அவர்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

பாரிஸுக்கு மேற்கே கார்ஷ் என்ற ஊரில் ரேமோன் புவாங்காரே மருத்துவமனை இருக்கிறது. முன்பு இளம்பிள்ளை வாதத்துக்கும், பின்னாளில் சாலை விபத்தில் நொறுங்கிப்போனவர்களுக்கும் சிகிச்சை தருவதில் பேர் பெற்ற அரசு மருத்துவமனை. அப்படிப்பட்ட இடத்துக்குச் சாவு வயது பார்த்து வருவதில்லை. காலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்பிய மகனை மாலையில் அடையாளம் காட்ட வேண்டிய நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரலாம். தாங்கள் உடலை ஒப்படைக்கும் இடம் இப்படி இருக்கக் கூடாது என்று 1990களில் அங்கிருந்த மருத்துவர்களுக்குத் தோன்றியது. வெள்ளையடித்து நான்கு பூந்தொட்டி வைத்தால் தீரும் குறை இல்லை அது என்பதும் அவர்களுக்குப் புரிந்திருந்தது. அப்போது பிரான்ஸ் அறக்கட்டளை ஒரு புதிய திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தது. பிரான்சுவா ஏர்ஸ் என்ற கலைஞர் வகுத்த திட்டம் அது. அமைச்சகமும் பணக்காரரும் மட்டுமே கலைஞனிடம் படைப்பு கேட்க முடியும் என்ற வழக்கத்தை மாற்றி, தேவை இருக்கும் எந்தக் குடிமகனும் கேட்கலாம் என்று அது வழி செய்தது. மருத்துவமனை கேட்டது. 1996இல் அங்கே ஒரு கூடம் திறக்கப்பட்டது. புறப்பாடுகளின் கூடம் என்று அதற்குப் பெயர். செய்தவர் எத்தோரே ஸ்பல்லெத்தி என்ற இத்தாலிய அரூப ஓவியர்.

அவர் முன் இருந்த நிபந்தனை சொல்ல எளிது, செய்யக் கடினம். அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பிரான்சின் அரசுக் கட்டடம் எந்த மதத்தின் பக்கமும் சாய முடியாது. கார்ஷின் வாசலில் நிற்பவர்களோ கத்தோலிக்கர், முஸ்லிம், யூதர், கடவுளே வேண்டாம் என்பவர் என எல்லாருமாக இருப்பார்கள். சிலுவை வைத்தால் ஒருவருக்கு ஆறுதல், இன்னொருவருக்கு அந்நியம். ஒன்றுமே வைக்காமல் விட்டால் பழைய பிணவறைதான் மறுபடியும். மதம் விட்டுப்போன சுவரில் எதை வைப்பது என்பது ஐரோப்பா முழுவதும் நூறு ஆண்டுகளாகத் திணறிக்கொண்டிருக்கும் கேள்வி. கார்ஷில் அதற்குப் பதில் உடனே தேவைப்பட்டது. உடல்கள் தினமும் வந்துகொண்டிருந்தன.

ஸ்பல்லெத்தி செய்தது நீலம். ஆழமான நீலம் இல்லை. வெள்ளை கலந்து வெளுத்த, கோடைக் காலையில் கடலும் வானமும் சந்திக்கும் இடத்தில் தெரிகிற நீலம். உருவம் இல்லை, எழுத்து இல்லை, அடையாளம் இல்லை. சட்டம் போட்டு மாட்டும் ஓவியமாக அதை அவர் கொண்டுவரவில்லை. அறை முழுவதையும் ஒரே படைப்பாக எடுத்துக்கொண்டார். உள்ளே வருகிறவர் ஓவியத்துக்கு எதிரே நிற்பதில்லை, அதற்குள் நிற்கிறார்.

இந்த நீலம் எங்கிருந்து வந்தது என்று தேட அதிக தூரம் போக வேண்டாம். ஸ்பல்லெத்தி 1940இல் அப்ரூஸ்ஸோ மாநிலத்தில், பெஸ்காரா நகருக்குப் பக்கத்தில் உள்ள கப்பெல்லே சுல் தாவோ என்ற சிற்றூரில் பிறந்தார். கிட்டத்தட்ட வாழ்நாள் முழுவதும் அங்கேயே வேலை செய்தார். 2019 அக்டோபரில் அதே வட்டாரத்தில் காலமானார். கிழக்கே ஏட்ரியாட்டிக் கடல். மேற்கே கிரான் சாஸோ மலைத்தொடர், அதன் உச்சியான கோர்னோ கிராந்தே 2,912 மீட்டர். மல்லாந்து படுத்திருக்கும் ஒரு பெண்ணின் உருவம் அந்த மலை விளிம்பில் தெரிவதாக ஊர்க்காரர்கள் சொல்வார்கள். உறங்கும் அழகி என்று அதற்குப் பெயரும் உண்டு. பனி மூடிய சிகரத்தையும் கடலையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கக்கூடிய நிலம் அது. இடையில் இருக்கும் காற்றின் நிறம் மணிக்கொரு தரம் மாறும். ஸ்பல்லெத்தியின் ஓவியங்களில் மலையும் கடலும் இல்லை. அவற்றுக்கு நடுவே இருப்பது இருக்கிறது.

அவர் தலைமுறைக் கலைஞர்களுக்கு இத்தாலியில் இரண்டு பெரிய ரயில்கள் வந்து போயின. 1960களின் முடிவில் கந்தல், கரி, கல் எனச் சாதாரணப் பொருள்களைக் கலையாக்கிய ஆர்த்தே போவெரா. 1980களில் உருவத்தையும் புராணத்தையும் திரும்பக் கொண்டுவந்து சந்தையைக் கலக்கிய டிரான்ஸ்அவான்குவார்தியா. ஸ்பல்லெத்தி இரண்டிலும் ஏறவில்லை. ரோமுக்கும் மிலானுக்கும் குடிபோகவும் இல்லை. ஆனாலும் உலகம் அவரைத் தேடி வந்தது. ஜெர்மனியின் காசல் நகரில் நடக்கும் டாக்குமென்டா கண்காட்சியில் 1982இலும் 1992இலும் இடம்பெற்றார். 1993இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் ஹைம் ஸ்டைன்பாக் என்ற கலைஞருடன் சேர்ந்து காட்சி வைத்தார். வெனிஸ் பியன்னாலேவில் பலமுறை பங்கேற்றார். 2014இல் ரோம், துரின், நேப்பிள்ஸ் மூன்று நகரங்களின் அருங்காட்சியகங்கள் கைகோத்து அவருடைய பெரிய காட்சியை நடத்தின. அதன் தலைப்பு, இவ்வளவு வெண்மையான, இவ்வளவு வெண்மையான ஒரு நாள் என்று பொருள்படும். பட்டியல் இன்னும் நீளும். அவரைப் புரிந்துகொள்ள அதைவிட அதிகம் உதவுவது அவர் ஒரு பலகையைத் தயாரித்த விதம்.

ஜெஸ்ஸோ என்று இத்தாலியர்கள் சொல்லும் வெள்ளைச் சாந்தில் நிறப்பொடியையும் பசையையும் சேர்த்துக் கெட்டியான கலவையாக்கிக்கொள்வார். அதைப் பலகையில் ஒரு பூச்சு பூசுவார். பிறகு அன்றைக்கு வேலை முடிந்தது. மறுநாள் அதே மணிக்கு அடுத்த பூச்சு. மூன்றாம் நாளும் அதே மணி. இப்படி ஏறத்தாழ பதினைந்து நாள். நேரம் தவறக் கூடாது. ஒவ்வொரு பூச்சும் ஒரே அளவு காய்ந்தால்தான் மேற்பரப்பு ஒன்றுபோல் வரும். வேகப்படுத்தவும் வழியில்லை, தள்ளிப்போடவும் வழியில்லை. எல்லாப் பூச்சும் முடிந்த பிறகு கடைசி வேலை, தேய்ப்பது. உப்புத்தாள் போட்டதுபோல் மேற்பரப்பை மெல்லத் தேய்க்கும்போது நிறப்பொடி உடைகிறது, உள்ளே இருந்த சாந்தின் வெண்மை மேலே வருகிறது. நிறம் அதன் பிறகுதான் அதன் நிறத்துக்கு வருகிறது. அதுவரை பூசியவருக்கே அது முழுதாகத் தெரியாது.

முடிந்த பலகையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதில் தூரிகைத் தடம் இருக்காது, பளபளப்பும் இருக்காது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்ந்து எழுந்தால் சட்டையில் ஒட்டிக்கொண்டு வருமே, அப்படியொரு மாவுத்தன்மை. வெளிச்சம் அதில் பட்டுத் தெறிப்பதில்லை, தங்குகிறது. பலகையின் விளிம்புகளைச் சில இடங்களில் சரிவாகச் செதுக்கி அதில் தங்க ரேக்கு ஒட்டுவார். நேர் எதிரே நின்றால் தங்கம் கண்ணில் படாது. ஒரு பக்கமாக நகர்ந்தால் மெல்லிய கோடாகத் தெரியும். பழைய தேவாலயப் பலகை ஓவியங்களின் பின்னணியில் பரவிக் கிடந்த அதே தங்கத்தை இவர் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார், ஆனால் தூக்கி எறியவில்லை. அவர் மனம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்கு அந்தக் கோடு நல்ல சாட்சி.

அவர் பயன்படுத்திய நிறங்கள் மிகச் சில. நீலம், இளஞ்சிவப்பு, சாம்பல், வெள்ளை. நீலத்தை அவர் ஒரு பொருளின் மேலுள்ள நிறமாகக் கருதவில்லை, நாம் எப்போதும் மூழ்கியிருக்கும் சூழலின் நிறமாகக் கருதினார். இளஞ்சிவப்பு அவருக்குத் தோலின் நிறம். மனநிலைக்கு ஏற்ப மாறுவது, ஒருபோதும் நிலையாக நிற்காதது. கார்ஷில் அவர் நீலத்தை முன்னிறுத்தியதை இந்த இடத்திலிருந்து பார்க்க வேண்டும். உயிர் உள்ளவரை மாறிக்கொண்டே இருக்கும் நிறம் அந்தக் கூடத்தில் ஒருவரிடம் நின்றுபோயிருக்கிறது. எல்லாரையும் சூழ்ந்திருக்கும் நிறம் அங்கே நிற்கும் இரு தரப்புக்கும் பொது.

ஓவியத்தில் நீலம் என்றதும் ஈவ் க்ளைன் நினைவுக்கு வராமல் போகாது. 1950களில் அடர்ந்த அல்ட்ராமரின் நீலத்தைத் தன் பெயரோடு பிணைத்துக்கொண்ட பிரெஞ்சுக்காரர் அவர். கலை உலகத்தைத் தன் செய்கைகளால் கிறுகிறுக்க வைத்த மனிதர். ஆனால் 1961இல் அவர் இத்தாலியின் அம்ப்ரியா பகுதியில் உள்ள காஷியா மடத்துக்குப் போய், புனித ரீத்தாவுக்கு ஒரு சிறு பிளெக்சிகிளாஸ் பெட்டியைக் காணிக்கையாக வைத்தார். அதன் அறைகளில் நீலப்பொடி, இளஞ்சிவப்புப் பொடி, தங்க ரேக்கு. யாரிடமும் சொல்லாமல் வைத்துவிட்டு வந்தது அது. பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. கண்காட்சிக்கு வைத்தால் அரூபம், மடத்தில் வைத்தால் நேர்ச்சை. பொடி ஒன்றே. அரூப ஓவியத்துக்கும் வழிபாட்டுக்கும் இடையே உள்ள கதவு எவ்வளவு மெல்லியது என்பதை அந்தப் பெட்டி காட்டுகிறது.

உருவம் இல்லாத சுவர் என்பது எல்லா மதத்தாருக்கும் ஒரே பொருள் தருவதில்லை. யூதருக்கும் முஸ்லிமுக்கும் இறைவனின் முன் உருவம் இல்லாதிருப்பது குறையே இல்லை, அதுதான் முறை. கத்தோலிக்க மரபு வேறு பாதையில் வந்தது. கி.பி. 600 வாக்கில் போப் முதலாம் கிரிகோரி, மார்செய் நகரில் உருவங்களை உடைத்த ஆயருக்குக் கடிதம் எழுதி, எழுத்தறியாதவர்கள் சுவரில் பார்த்துப் படிக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னார். 787இல் கூடிய இரண்டாம் நைசியாச் சங்கம் உருவங்களுக்கு மரியாதை செய்வதை முறைப்படி ஏற்றது. ஆகவே கார்ஷின் நீலச் சுவர், மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாருக்கும் பொதுவானது போலத் தோன்றினாலும், உண்மையில் சிலருக்குப் பழக்கமானது, சிலருக்கு இழப்பு. கன்னி மரியாவின் முகத்தைப் பார்த்து அழுது பழகிய ஒரு மூதாட்டிக்கு அங்கே முகம் இல்லை. அவளுடைய மேலாடையின் நிறம் மட்டும் இருக்கிறது. இதைப் பொதுமை என்ற ஒரே சொல்லால் மூடிவிட முடியாது.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. மதம் துக்கத்துக்குக் கொடுப்பது அர்த்தத்தை மட்டும் இல்லை, வேலையையும் கொடுக்கிறது. முஸ்லிம்கள் உடலைக் குளிப்பாட்டுகிறார்கள், கஃபன் துணி உடுத்துகிறார்கள், மெக்காவின் திசையான கிப்லாவைப் பார்த்து வைக்கிறார்கள். யூதர்கள் அடக்கம்வரை உடலைத் தனியே விடுவதில்லை, பக்கத்தில் ஒருவர் சங்கீதங்களை வாசித்துக்கொண்டிருப்பார். கத்தோலிக்கர்கள் தீர்த்தம் தெளிக்கிறார்கள், மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். துக்கத்தில் கையும் காலும் என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும்போது, சடங்கு அவற்றுக்கு ஒரு வேலை சொல்கிறது. நீலச் சுவர் எந்த வேலையும் சொல்வதில்லை. மறுபடி சந்திப்போம் என்ற வாக்குறுதியும் அதனிடம் இல்லை. சாவை அழகுபடுத்தி, படித்தவர்களின் ரசனைக்கு ஏற்றதாக்கிவிட்டார்கள் என்று யாராவது கோபித்தால் அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் சடங்கு எப்போது தொடங்குகிறது என்று பார்த்தால் காட்சி மாறும். மருத்துவர் கையை விரித்த நேரத்துக்கும், பாதிரியாரோ இமாமோ ரப்பியோ வந்து சேரும் நேரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. உடல் அப்போது மருத்துவமனையின் பொறுப்பில். குடும்பம் இன்னும் நம்பவில்லை. கையெழுத்துப் போடக் காகிதங்கள் வருகின்றன. அந்த நேரத்தில் பெரும்பாலும் சடங்கைத் தொடங்கிவைக்க யாரும் வந்திருப்பதில்லை. பக்திமானும் நாத்திகனும் அங்கே ஒரே நிலையில், வாய் அடைத்து நிற்கிறார்கள். கார்ஷின் கூடம் அந்த நேரத்துக்கான இடம். பிறகு வரப்போகும் சடங்குக்கு அது போட்டி இல்லை, மாற்றும் இல்லை. அந்த நேரத்தில் ஒரு சுவரிடம் கேட்கக்கூடியது இரண்டே இரண்டுதான்: அவமதிக்காமல் இருக்க வேண்டும், பொய் சொல்லாமல் இருக்க வேண்டும். பழைய பிணவறை முதலாவதில் தோற்றது. அவசரப்பட்டு மாட்டிய சமய ஓவியம் பலருக்கு இரண்டாவதில் தோற்றிருக்கும்.

மூன்றாவதாகவும் ஒன்று இருக்கிறது. இந்த இடத்துக்காக யாரோ நேரம் செலவழித்திருக்கிறார்கள் என்பது தெரிய வேண்டும். ஸ்பல்லெத்தியின் வேலைமுறை இங்கேதான் தொழில்நுட்பம் என்ற எல்லையைத் தாண்டுகிறது. நாள்தோறும் ஒரே மணிக்கு ஒரே காரியத்தைத் திரும்பச் செய்வது, பலன் முடிவில்தான் தெரியும் என்று ஏற்றுக்கொண்டு செய்வது, அவசரத்தை உள்ளே விடாதது: இவை மடங்களில் மணியடித்து நடக்கும் தினசரி ஜெபத்தின் இலக்கணம். அவர் மதப் பிரசாரகர் இல்லை, இறையியல் எழுதியவரும் இல்லை. அந்த ஒழுங்கை மட்டும் தன் தொழிலுக்குள் கொண்டுவந்தார். சடங்கின் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு அதன் காலத்தை வைத்துக்கொண்டார் என்று சொல்லலாம். தன் வீட்டுப் பிள்ளையைப் பார்க்க வந்த தாய்க்கு ஜெஸ்ஸோ பற்றி ஒன்றும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. சுருள்தூரிகையால் அரைமணி நேரத்தில் அடித்துப்போன சுவருக்கும் நாள் கணக்கில் படிந்த நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் சொல்லாமலே கண் அறியும். அலட்சியத்தைத் துக்கத்தில் இருப்பவர்கள் போல் வேறு யாரும் சட்டென்று கண்டுகொள்வதில்லை.

அரூப ஓவியத்துக்கும் வழிபாட்டு இடத்துக்குமான உறவைப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஹூஸ்டனில் உள்ள ராத்கோ சிற்றாலயத்தைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். 1971இல் திறக்கப்பட்டது. எண்கோண அறை, கறுப்பை நெருங்கும் ஊதாவில் 14 பெரிய ஓவியங்கள், எந்த மதத்துக்கும் உரியதல்லாத தியான இடம். திறப்பதற்கு ஓராண்டு முன்பே அவற்றை வரைந்த மார்க் ராத்கோ தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மகத்தான இடம், சந்தேகமில்லை. ஆனால் அங்கே போகிறவர் விரும்பிப் போகிறார், கொஞ்சம் வாசித்துவிட்டும் போகிறார், எந்த நேரமும் வெளியே வந்துவிடலாம். கார்ஷுக்கு யாரும் விரும்பி வருவதில்லை. அங்கே நிற்பவருக்கு ஓவியத்தின் மீது துளி அக்கறை இல்லை, இருக்கவும் நியாயமில்லை. நவீன ஓவியம் தனக்கென்று வளர்த்துக்கொண்ட நம்பிக்கையாளர் கூட்டம் அங்கே உதவிக்கு வராது. ஸ்பல்லெத்தியின் நீலம் தன் சொந்த பலத்தில் மட்டும் நின்றாக வேண்டிய இடம் அது.

இத்தாலிய அரூபம் சாவின் பக்கத்தில் போய் நின்றது இது முதல் தடவை இல்லை. ஆல்பெர்த்தோ பூரி தொழிலால் மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் துனிசியாவில் பிடிபட்டு, டெக்சஸின் ஹெரிஃபோர்டு போர்க்கைதிகள் முகாமில் இருந்தபோதுதான் ஓவியம் வரையத் தொடங்கினார். பிற்காலத்தில் கிழிந்த சாக்குகளைத் தைத்து அவர் செய்த படைப்புகளைப் பார்த்தவர்களுக்குக் காயமும் கட்டும் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. 1968இல் சிசிலியின் பெலிச்சே பள்ளத்தாக்கில் நிலநடுக்கம் ஜிபெல்லினா ஊரைத் தரைமட்டமாக்கியது. ஊர் வேறிடத்தில் புதிதாகக் கட்டப்பட்டது. அங்கே சிற்பம் வைக்க அழைக்கப்பட்ட பூரி, புது ஊரை விட்டுவிட்டுப் பழைய இடிபாட்டுக்குப் போனார். மொத்த இடிபாட்டையும் வெள்ளை சிமென்டால் மூடி, பழைய தெருக்கள் ஓடிய வழியிலேயே ஆள் நடக்கும் பிளவுகளை விட்டார். 1980களில் நடந்த வேலை பாதியில் நின்று 2015இல்தான் நிறைவுபெற்றது. அதற்கு இருபது ஆண்டு முன்பே பூரி இறந்துவிட்டார். வீடிழந்தவர்களின் சாமான்களும் நினைவும் அந்தச் சிமென்டுக்கு அடியில் இருக்கின்றன. அதுவும் உருவமற்ற படைப்புதான். ஆனால் அது மூடுகிறது, முத்திரை வைக்கிறது. ஸ்பல்லெத்தியின் கூடம் எதையும் மூடுவதில்லை. நடுவில் உடல் இருக்கிறது, முகம் தெரிகிறது.

கார்ஷ் கூடம் திறந்த மறு ஆண்டு, 1997இல், வெனிஸ் பியன்னாலேயின் இத்தாலிய அரங்குக்குக் காட்சிப் பொறுப்பாளர் ஜெர்மானோ செலாந்த் மூன்று கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தார்: என்ஸோ குக்கி, மௌரிஸியோ கத்தெலான், ஸ்பல்லெத்தி. கத்தெலான், பதப்படுத்திய புறாக்களை உத்தரங்களிலும் குழாய்களிலும் உட்கார வைத்தார். பார்வையாளர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். அதே கூரையின் கீழ் ஸ்பல்லெத்தியின் வெளுத்த நிறங்கள். பெரிய கண்காட்சிகளின் இயல்பு அது. அங்கே எல்லாப் படைப்பும் ஒன்றோடொன்று வாதிடும் கருத்தாகிவிடும், நீலமும் ஒரு கருத்தாகிவிடும். அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகளில் வெனிஸும் காசலும் நியூயார்க்கும் முதலில் வந்து, கார்ஷ் நடுவில் ஒரு வரியாகக் கடந்துபோவதுண்டு. அந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். அவருடைய நிறத்தை யாரோ உண்மையிலேயே தேவைப்பட்டுக் கேட்ட இடம் கார்ஷ்தான்.

கலையில் வெறுமையைப் புகழ்கிறவர்கள் மறைஞானிகளைத் துணைக்கு அழைப்பது வழக்கம். இறைவனை எந்தப் பெயராலும் சொல்ல முடியாது, ஒவ்வொரு பெயராக நீக்கிக்கொண்டே போக வேண்டும் என்று டயோனிசியஸ் என்ற புனைபெயரில் எழுதிய பழங்காலத் துறவியும், 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த மாய்ஸ்டர் எக்கார்ட்டும் சொன்னார்கள். கார்ஷின் சுவரை அந்த மரபில் சேர்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவசரப்படக் கூடாது. அவர்கள் பெயர்களை நீக்கியது, இறைவன் எல்லாப் பெயரையும் விடப் பெரியவன் என்பதால். பிரெஞ்சு அரசு பெயர்களை நீக்கியது, பெயர்கள் தங்களுக்குள் சண்டையிடும் என்பதால். ஒன்று நிறைவிலிருந்து வந்த மௌனம், மற்றது சமரசத்திலிருந்து வந்த மௌனம். இரண்டும் சேர்ந்து ஒரே சுவரை நீலமாக்கியிருக்கின்றன. அங்கே வரும் நம்பிக்கையாளர் முதலாவதை எடுத்துக்கொள்ளலாம். நம்பாதவருக்கு இரண்டாவதே போதும். யாரும் மற்றவரைத் திருத்த வேண்டியதில்லை.

கார்ஷ் கூடம் திறந்து இருபது ஆண்டு கழித்து, 2016இல், ஸ்பல்லெத்தி மறுபடி ஒரு மருத்துவமனைக்கு வேலை செய்தார். இந்தமுறை சொந்த ஊருக்குப் பக்கத்தில், சித்தா சாந்தாஞ்சலோவில் உள்ள வில்லா செரேனா மருத்துவமனையின் சிற்றாலயம். கூடவே உழைத்தவர் கட்டடக் கலைஞரான அவர் மனைவி பத்ரிஸியா லியோனெல்லி. இங்கே சட்டத்தின் தடை இல்லை. பலிபீடம் உண்டு, வாசக மேடை உண்டு, திருப்பலி நடக்கும். உருவங்களைத் தாராளமாகக் கொண்டுவந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் கொண்டுவரவில்லை. அப்ரூஸ்ஸோவின் வெளிர்நிறங்களே அங்கேயும் வந்தன. மதத்துக்கு இடமில்லாத கூடத்துக்கும் மதத்துக்கென்றே கட்டிய ஆலயத்துக்கும் அவர் தனித்தனி ஓவியம் வைத்திருக்கவில்லை. கார்ஷ் கூடத்தைக் கண்டு இது மதம் நீக்கிய இடம் என்று நிம்மதி அடைந்தவர்களும், வில்லா செரேனாவைக் கண்டு இது கத்தோலிக்க ஆலயம் என்று நிம்மதி அடைந்தவர்களும், அடுத்தவர் இடத்துக்குப் போய் ஒருமுறை சுவரைப் பார்த்துவிட்டு வந்தால், தாங்கள் சொன்னதை மறுபடி யோசிக்க வேண்டிவரும்.